பில்லர் சோதனை அறிக்கை: எங்கள் குடியிருப்போர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் மீயொலிச் சோதனை (காதுக்குக் கேட்காத ஒலியைக் கான்கிரீட்டுக்குள் அனுப்பி, அது போகும் வேகத்தை அளப்பது) அறிக்கையைப் படித்தேன். பார்க்கிங் தளத்துத் தூண்களில் பாதிக்கு மேல் ‘சந்தேகத்துக்குரியது’ என்று போட்டிருக்கிறார்கள். இதை நம்பி எல்லாத் தூண்களுக்கும் ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றிப் புதிதாக ஓர் உறை போட்டு வலுப்படுத்துவது) செய்ய வீட்டுக்கு வீடு வசூல் என்று தீர்மானம் வரப்போவதாகவும் கேள்வி. அந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். தூண்கள் நன்றாக இருக்கின்றன என்று சாதிக்க வரவில்லை; அவற்றின் நிலைமை இந்தச் சோதனைக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்கிறேன்.

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தண்ணீரில் ஏறத்தாழ 1,500. எஃகில் 5,900 வரை. கனமான பொருளில் வேகம் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில் கனம் வேகத்தைக் குறைக்கத்தான் பார்க்கும். எஃகின் விறைப்பு அதன் கனத்தையும் மீறிப் பல மடங்கு அதிகம், அதனால்தான் அங்கே ஒலி பறக்கிறது. கான்கிரீட்டுக்கும் இதே கணக்குதான். ஜல்லியும் சிமென்ட்டும் இறுகிப் பிடித்திருந்தால் வினாடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் போகும். உள்ளே பொந்தோ விரிசலோ இருந்தால் அலை சுற்றிக்கொண்டு போக வேண்டும், தாமதமாகும். 1940களில் கனடாவின் ஒன்டாரியோ நீர்மின் ஆணையத்தில் லெஸ்லி, சீஸ்மன் என்ற இருவர் இந்தத் தாமதத்தை அளந்துதான் கான்கிரீட் கட்டுமானங்களின் விரிசல்களை ஆராய்ந்தார்கள். நல்ல முறை. குறை முறையில் இல்லை.

சோதனை நடந்த அன்று கார் எடுக்க இறங்கியவன் சற்று நின்று பார்த்தேன். பெயின்ட்கூடச் சுரண்டாமல், பூச்சின் மேலேயே கிரீஸைத் தடவி, கருவியின் அலை அனுப்பும் முனை, வாங்கும் முனை இரண்டையும் தூணின் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வைத்து அழுத்தினார்கள். முனைகளை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால்தான் அலை தூணின் உள்ளே ஊடுருவும். ஒரே பக்கத்தில் வைத்தால் மேல்தோலை ஒட்டித்தான் பெரும்பாலும் ஓடும். வேகமும் குறைவாகவே காட்டும். இதில் நம் பூச்சு வேறு பல இடங்களில் தட்டினால் ‘டொப் டொப்’ என்கிறது. பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருந்தாலும் போதும், மீயொலி அங்கேயே ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல் தடவுவது இந்தக் காற்றை விரட்டத்தான்.

எவ்வளவு நுணுக்கமான அளவு என்று பாருங்கள். 300 மில்லிமீட்டர் தூணை வினாடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 75 மைக்ரோ வினாடி (ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 3 கிலோமீட்டர் வேகத்தில் 100 மைக்ரோ வினாடி. அவர்கள் பின்பற்றிய பழைய தர அட்டவணைப்படி முதலாவது ‘நன்று’, இரண்டாவது சந்தேகத்தின் விளிம்பு. இடையில் இருப்பது வெறும் 25 மைக்ரோ வினாடி. இதில் தூரம் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பு. அறிக்கையிலோ அத்தனை தூண்களுக்கும் தூரம் 300 என்றே அச்சாகியிருக்கிறது. அது தூணின் அகலம் என்றால், மூலைத் தூண்களின் அளவே வேறு என்பது டேப் பிடிக்காமலே தெரியும்; முனைகளுக்கு நடுவிலான தூரம் என்றால், அப்படி எழுதியிருக்க வேண்டும். போதாததற்கு, அவர்கள் மேற்கோள் காட்டும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13311 முதல் பகுதி 1992-இல் வந்தது. அதன் இடத்துக்கு 2018-இலேயே ஐ.எஸ். 516, ஐந்தாம் பகுதி வந்துவிட்டது.

எனக்குப் பெரிய கவலை ‘நன்று’ என்று எழுதியிருக்கும் ஒரு தூணைப் பற்றித்தான்: சம்ப்பை ஒட்டி நிற்கிறதே, அது. அதன் அடியில் துருக்கறை வழிந்திருக்கிறது, பூச்சு நெடுக்காகப் பிளந்திருக்கிறது. ஈரம் ஊறிய கான்கிரீட்டில் அலை வேகமாகப் போகும். விரிசலில் தண்ணீர் நின்றால் அலை அதன் வழியாகவே கடந்துவிடும். பக்கத்தில் கம்பி நெடுக்காக ஓடினால் அதைப் பிடித்துக்கொண்டும் முந்திவிடும். ஆக, கெட்ட தூணும் தேறிவிடலாம். கம்பியில் துரு ஏறியிருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லவே சொல்லாது. அதற்கு மின்னழுத்தம் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் தெளித்தும் பார்க்கலாம்: இளஞ்சிவப்பு ஏறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை அங்கே மிச்சம், நிறம் மாறாத ஆழம்வரை கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

ஆகவே, வேறொரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கம்பி ஓடும் இடத்தைக் கருவியால் குறித்துக்கொண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு தூணிலும் பல புள்ளிகளில் பார்க்க வேண்டும். வேகத்தை வைத்து மட்டும் வலிமையைக் கணிக்கக் கூடாது. சில இடங்களிலாவது கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை வடிவக் கான்கிரீட் துண்டு) எடுத்து, லேபில் நசுக்கிப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஜாக்கெட்டிங் செலவோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறைக் காசு. அறிக்கையில் வெறும் ‘நன்று’, ‘சந்தேகம்’ போதாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தூரமும் மைக்ரோ வினாடியும் எழுதி, உறுப்பினர் எல்லோருக்கும் நகல் தரவேண்டும்.

சம்ப் பக்கத்துத் தூண் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். முட்டுக் கொடுக்கச் சொன்னால் உடனே கொடுத்துவிடலாம். அந்தத் தூணை ஒட்டிய இரண்டு பார்க்கிங் இடங்களில் ஒன்று என்னுடையது. இன்றைக்கே வண்டியை எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்து உறுப்பினர்