அல்லிராணிக் கோட்டையைக் கடலுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

இலங்கையின் மன்னார் மாவட்டத்தில், அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் செம்மண் மேட்டின் விளிம்பில் நிற்கிற டொரிக் மாளிகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் அதை அல்லிராணிக் கோட்டை என்றுதான் சொல்வோம். அல்லிராணி என்ற தமிழ் அரசி இங்கே ஆண்டாள் என்ற கதை எனக்கும் பிடிக்கும், ஆனால் இப்போது நிற்கிற சுவர்கள் இலங்கையின் முதல் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தவை. முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் வந்து தங்கி மேற்பார்வை பார்க்கத்தான் இந்த மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்கள், இரண்டு தட்டு, மேலே மொட்டை மாடி.

கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே வெறும் செங்கல்தான். அதற்கு மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பூசி மெழுகித்தான் சலவைக்கல் மாதிரி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். இப்போது பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது, உப்புக்காற்று அதையும் அரித்துப் பொடியாக்குகிறது. கடல் பக்கச் சுவர்களில் ஒரு பகுதி, கீழே மண் கரைந்து போனதால் ஏற்கெனவே சரிந்து விட்டது.

"வெள்ளைக்காரன் வீடுதானே, போனால் போகட்டும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சரி, ஆனால் அந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? மூச்சைப் பிடித்துக் கொண்டு கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்கிய சுழியோடிகளின் சிப்பியில் இருந்துதானே, அதைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போட்டு விற்ற கரை இது. முத்துக்குளிப்புக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலிருந்தும் சனம் வந்து, ஓலைக் கொட்டில்களாலே ஒரு பட்டினமே எழும்பி, சீசன் முடிய ஒன்றுமில்லாமல் போகும். அந்தக் கொட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது இந்தச் செங்கல் சுவர்தான்.

பக்கத்திலேயே அரிப்புக் கோட்டையும் கிடக்கிறது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் அகப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679 இல் அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் தப்பி வந்து ஒல்லாந்தரிடம் சேர்ந்த இடம் அது. பக்கத்து ஊரான சிலாவத்துறையில் இருந்து ஒரு பின்னேரத்துக்குள் இரண்டையும் பார்த்து முடிக்கலாம், ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் செல்பி எடுத்துவிட்டு என்ன கட்டடம் என்று தெரியாமலே போகிறார்கள்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பி, வீடு வாசலைத் தேடிக்கொண்டிருந்த சனத்துக்கு இதைப் பார்க்க நேரமிருக்கவில்லை, அதில் பிழை சொல்ல முடியாது. அதிகாரிகளுக்கு அந்தச் சாட்டு இல்லை. சீமெந்துப் பூச்சும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம், சீமெந்து உப்பையும் ஈரத்தையும் சுவருக்குள்ளேயே அடைத்து வைத்துப் பழைய செங்கல்லை இன்னும் கெடுத்துவிடும். முதலில் மேட்டின் அடியில் கருங்கல் அணை போடுங்கள், அடுத்த சோளகக் காற்று தொடங்குமுன். அப்புறம் பழைய சுவரைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே திருத்தட்டும். பெயர்ப்பலகையில் நோர்த்தையும் எழுதுங்கள், அல்லிராணியையும் எழுதுங்கள், சுழியோடிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முசலி