கோட்டை வாசலில் டார்ச் பிடித்தவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும்

திருகோணமலையின் பழைய கதையைப் பற்றி நாங்கள் வைத்த கண்காட்சி முடிந்து வயரெல்லாம் சுருட்டியாச்சு. ஆளாளுக்கு நேரில் சொல்ல நினைத்தேன், ஆனால் உதவினவர்களில் பாதிப்பேர் தம்பலகாமம், மூதூர், பாலையூற்று என்று சிதறி இருக்கிறீர்கள், அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் இந்தக் கதையைப் புதிதாக யாரும் சொல்லத் தேவையில்லை. பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தார்கள், 1782இல் அதே வருசத்துக்குள்ளே முதலில் ஆங்கிலேயர், பிறகு பிரெஞ்சுக்காரர் என்று கை மாறியது, 1795இல் திரும்ப வந்த ஆங்கிலேயர் சுதந்திரத்துக்குப் பிறகும் கடற்படைத் தளத்தை 1957 வரைக்கும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கொடி மாறின கதை. கொடிக்குக் கீழே இருந்த சனம் எங்கே என்பதுதான் எங்கள் கேள்வி. கம்ப்யூட்டரால் அதில் ஒரு பங்குதான் முடிந்தது, மிச்சத்துக்கு உங்களிடம்தான் வரவேண்டி இருந்தது.

முதலில் கோட்டை வாசல். கதவு நிலையில் செதுக்கி இருக்கும், பாண்டியர் சின்னமென்று சொல்கிற இரட்டை மீனையும் அதோடு தேய்ந்துபோன எழுத்தையும் இப்போது இருக்கிற கோயிலுக்குப் போகிற எல்லாரும் தாண்டித்தான் போகிறோம். குளக்கோட்டன் கட்டின கோயிலைப் பின்னாளில் பறங்கி இடிப்பான் என்று அந்த எழுத்து சொல்வதாகப் பாடுகிற 'முன்னே குளக்கோட்டன்' பாட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பகல் வெயிலில் அந்தக் கல்லை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமராவை அசையாமல் ஸ்டாண்டில் வைத்து, வெளிச்சத்தை மட்டும் ஒவ்வொரு பக்கமாகச் சரித்துப் பிடித்து நிறையப் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பளபளப்பான குண்டு இருந்தால், அதில் விழும் மினுக்கத்தை வைத்து வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சாஃப்ட்வேர் கணக்குப் போடும். அப்புறம் திரையில் விரலை நகர்த்தினால் மீனின் செதில்வரை நிழல் ஓடும். அந்தக் குண்டு சைக்கிள் கடை அண்ணர் தந்த பேரிங் குண்டு! மாலை நேரத்தில் அங்கே நிற்க அனுமதி வாங்கித் தந்தவர்களுக்கும், கை வலிக்க டார்ச் பிடித்த பெடியளுக்கும், படத்துக்குள் வந்து நின்ற மான்களை அடிக்காமல் துரத்தின தங்கச்சிக்கும் நன்றி.

அடுத்தது நாங்கள் சண்டை பிடித்த விசயம். பழைய கோயிலைத் திரும்ப எழுப்பிக் காட்டினால் சனம் அள்ளும் என்று ஒருவர் சொன்னார், ஏஐ-யிடம் கேட்டால் பத்து செக்கனில் கோபுரம் வந்தது, வடிவாகவும் இருந்தது, பார்த்தால் மதுரை மாதிரி. நாள்தோறும் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இடிச்சவன் ஒருக்கா இல்லாமல் ஆக்கினான், நீங்கள் இன்னொரு கோயிலை வைச்சு அதை ரெண்டாந்தரம் இல்லாமல் ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. கடைசியில் கையில் ஆதாரம் உள்ளதை மட்டும் வைத்தோம்: வாசல் மீன், கோயில் நின்ற பாறையான சுவாமி மலையில் ஒல்லாந்த எழுத்து வெட்டிய கோயில் தூண், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் முக்குளித்துப் பார்த்த கடலடிக் கோயில் கற்கள். நடுவில் வெறும் இடம். சிலருக்கு அது ஏமாற்றம், தெரியும். என் கண்ணுக்கு முழுக் கண்காட்சியிலும் சரியாக வந்தது அதுதான். அக்கா, பெரிய நன்றி.

காகிதங்கள் பற்றியும் சொல்லவேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய கடிதங்கள் நெதர்லாந்தில் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுமார் 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கம்ப்யூட்டரே வாசித்து, தேடக்கூடிய எழுத்தாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தி இரவிரவாக இருந்து அதில் திருகோணமலைப் பக்கங்களைப் பொறுக்கித் தந்தாள். இங்கே ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன் 1786இல் கொட்டியாரம், தம்பலகாமம் பக்கம் சுற்றிப் பார்த்து எழுதின நாட்குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு முழித்தபோது, தம்பலகாமத்து வயல்காரப் பெரியவர் ஒருவர் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்பதை வைத்தே இது இந்த வெளி, அது அந்தக் குளம் என்று வரைபடத்தில் விரலை வைத்தார். மூதூரிலிருந்து வந்த கடற்தொழில் நானா ஒருவர் எல்லாம் கேட்டுவிட்டு, "எங்கட ஊர்க் கடதாசி ஏன் அங்க கிடக்கு?" என்றார். அந்தக் கேள்வியைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தோம், கனபேர் போட்டோ எடுத்தது அதைத்தான்.

போர்த்துக்கீச வழிவந்த பாலையூற்றுப் பறங்கி அன்ரி, நீங்கள் உங்கள் வீட்டுக் கலப்புப் பாசையான போர்த்துக்கீசக் கிரியோலில் பாடித் தந்த கல்யாணப் பாட்டைக் கேட்கத்தான் ஹெட்போனுக்கு வரிசை நின்றது. கோயிலை இடித்தவர்களின் பாசையில் நம்ம ஊர்க் கல்யாணப் பாட்டா என்று கோபப்பட்ட ஒரு தம்பி இரண்டாம் தரமும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

தொண்ணூறு தாண்டிய ஆச்சி, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையில் அம்மாவின் கையைப் பிடித்து ஓடினதைச் சொன்னதற்கு நன்றி, நடுவில் நிறுத்தி எங்களுக்குப் பிளேன் டீ போடச் சொன்னதற்கும்.

புரொஜெக்டர் தந்த கல்யாண வீடியோக் கடைக்கு நன்றி. டச்சுபே கடற்கரையோரம் பழைய வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும், உளுந்துவடை அனுப்பின மாமிக்கும் நன்றி. இடம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கதவைப் பூட்டினவர்களுக்கும் ஒருவகையில் நன்றி, இந்த வீடு கிடைத்ததே அதனால்தான்.

பாட்டும் ஆச்சியின் குரலும் அவர்களுடையவை, கேட்காமல் எங்கேயும் போடமாட்டோம். மீன் படங்களின் முழு ஃபைலும் வேண்டுமென்றால் பென் டிரைவ் கொண்டு வாருங்கள், பெரிய ஃபைல், வாட்ஸ்அப்பில் வராது. அந்தப் பேரிங் குண்டை யார் எடுத்துக்கொண்டு போனீர்களோ, அண்ணர் கேட்கிறார்.