தேர்வு முடிந்த பிறகு, புங்க மரத்தடியில்

பட்டுக்கோட்டை
பிப்ரவரி 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இனி அவர் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. என் நமஸ்காரத்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். வீடு வெறிச்சென்று இருப்பதாக அவன் அம்மா தினமும் சொல்கிறாள்.

மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பள்ளியிலிருந்து வந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் தோழிகளோடு விடைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முகம் வாடி வீடு திரும்புகிறாள். அதனால் "எழுதியது எழுதியதுதான், யாரோடும் நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வா" என்று நீ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். வாத்தியாராக நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். நீ அக்கறையில் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தடையை எடுத்துவிடு என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் திருப்புதல் தேர்வு. பொதுத்தேர்வுக்கு உரிய அதே அமைப்பு. மூன்று மணி நேரம், 70 மதிப்பெண்; ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, அதற்குப் பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகள். மணி அடித்து விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு வெளியே வந்தால், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நிற்கிறார்கள். சாப்பாட்டுப் பையை யாரும் திறக்கவில்லை. வினாத்தாளை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரே சத்தம்.

சண்டை 33ஆவது வினாவைப் பற்றி. அது கட்டாய வினா. விட்டுவிட்டு வேறொன்றை எழுத முடியாது. 10இன் மைனஸ் 8 அடுக்கு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு என்ன என்று கேட்டிருந்தேன். (உனக்குத் தெரிந்ததுதான்: பிஎச் ஏழுக்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்.) வகுப்பில் முதலாவதாக வரும் பெண், "இதில் என்ன இருக்கிறது? மைனஸ் எட்டு, ஆகவே பிஎச் எட்டு. ஒரே வரி" என்றாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், பின்னால் நின்றவன், மெதுவாகக் கேட்டான்: "எட்டு என்றால் காரம் ஆயிற்றே? அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது எப்படிக் காரமாகும்?"

நண்பா, அந்தக் கேள்வியை நான் வகுப்பில் எத்தனையோ வருடங்களாகக் கேட்டு வருகிறேன். நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பையன் கேட்டதும் மொத்தக் கூட்டமும் அடங்கிவிட்டது. முதலில் எட்டு என்று சொன்ன பெண் வினாத்தாளை விரித்து மறுபடியும் படித்தாள். இன்னொருத்தி சொன்னாள்: "தண்ணீரும் ஹைட்ரஜன் அயனி கொடுக்கும். 10இன் மைனஸ் 7 அடுக்கு அங்கிருந்து வரும். இரண்டையும் கூட்ட வேண்டும். நான் அப்படித்தான் போட்டேன், 6.96 வந்தது." உடனே மற்றொருவன், தான் இருபடிச் சமன்பாடு எழுதிப் போட்டதாகவும் தனக்கு 6.98 வந்ததாகவும் சொன்னான். எட்டு என்ற விடை அதோடு தானாகவே கழன்று போய்விட்டது, 6.96க்கும் 6.98க்கும் நடுவில் புதிய சண்டை தொடங்கியது. மடக்கை அட்டவணையை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். இருவர் கணக்கிலும் பிழை இல்லை.

நான் சிமெண்ட் திண்டில் போய் உட்கார்ந்தேன். விடையைச் சொல்லவில்லை. "தூய தண்ணீர் எவ்வளவு அயனி கொடுக்குமோ, அதே அளவு அமிலம் கலந்த பிறகும் கொடுக்குமா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே பின்வரிசைப் பையன், "கொடுக்காது சார். பொது அயனி விளைவு" என்றான். லே சாட்லியர் தத்துவம் என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனி வந்துவிட்டதால் தண்ணீர் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. 10இன் மைனஸ் 7 அடுக்கை 1 என்று வைத்துக்கொண்டால், தண்ணீரின் பங்கு 1 என்று இருந்தது ஏறக்குறைய 0.95 ஆகிறது. நேரடியாகக் கூட்டினால் 1.1, உண்மையில் இருப்பது 1.05. எனவே 6.98 என்பதுதான் சரியான மதிப்பு. இதை அவர்களே தரையில் குச்சியால் எழுதிக் கண்டுபிடித்தார்கள். (நேரடியாகக் கூட்டி 6.96 எழுதியவர்களுக்கும் நான் முழு மதிப்பெண் போட்டேன். தண்ணீரை நினைவில் வைத்திருந்தார்களே, அதற்குத்தான்.)

எட்டு என்று எழுதியவளுக்கு முகம் சுருங்கியது உண்மைதான். ஆனால் சற்று நேரத்தில் வேறு அறையில் தேர்வு எழுதிய அவளுடைய தோழி வந்து "எனக்கு எட்டு வந்தது, உனக்கு?" என்று கேட்டபோது, எட்டு ஏன் வரவே முடியாது என்று இவள்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். இனி அவள் வாழ்நாளில் இந்தக் கணக்கைத் தவறாகப் போட மாட்டாள்.

இதை நான் வாத்தியார் பெருமைக்காகச் சொல்லவில்லை. உளவியல் ஆய்வாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையேதான் காட்டியது. சந்தேகத்தோடு எழுதிய தவறைவிட, இதுதான் சரி என்று உறுதியாக நம்பி எழுதிய தவறு, சரியான விடை தெரிந்தவுடன் நன்றாகத் திருத்தப்பட்டு மனத்தில் நிற்கிறது. அடித்துச் சொன்ன விடை பொய்த்துப் போகும்போது வருகிற அதிர்ச்சியே கவனத்தை இழுத்துப் பிடிக்கிறது. அந்த அதிர்ச்சி வினாத்தாளின் சூடு ஆறுவதற்குள் கிடைத்தால் எவ்வளவு நல்லது! விடைத்தாள் திருத்திக் கையில் கிடைக்கப் பத்து நாள் ஆகிறது. அதற்குள் பிள்ளைகளுக்குக் கேள்வியே மறந்துவிடுகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் தம் வகுப்புகளையே இந்த முறைக்கு மாற்றிக்கொண்டார். கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடையைத் தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாட வேண்டும், அதன் பின் மறுபடியும் விடை சொல்ல வேண்டும். அங்கே பேராசிரியர் ஏற்பாடு செய்து நடத்துவதை நம் பிள்ளைகள் மரத்தடியில் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். மூன்று மணி நேரம் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து எழுதி முடித்து, ஆளுக்கொரு விடையோடு வெளியே வருகிறார்கள். இதைவிட நல்ல வகுப்பை என்னால் திட்டம் போட்டு உண்டாக்க முடியாது. அதைப் போய் "கூட்டம் போடாதே, கலைந்து போ" என்று விரட்டுகிறோமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அன்றைக்கு இன்னொரு வாக்குவாதமும் நடந்தது. முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய, அரை வாழ்காலத்தை, அதாவது பாதிப் பொருள் தீர ஆகும் நேரத்தைப் போல் பத்து மடங்கு நேரம் ஆகும் என்று காட்ட வேண்டும். எல்லோரும் 2.303 வாய்பாட்டைப் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "பாதி, பாதியில் பாதி என்று பத்து முறை போனால் 1024இல் ஒரு பங்கு மிச்சம். ஏறக்குறைய 0.1 சதவீதம். அவ்வளவுதானே?" என்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

சரி, உன் மகளின் கண்ணீருக்கு வருகிறேன். அதற்குக் காரணம் வேறு. விடையைப் பற்றிப் பேசுவது ஒன்று, மதிப்பெண்ணைக் கூட்டிக் கழிப்பது இன்னொன்று. இப்போது மணி அடித்த சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் தயாரித்த விடைக்குறிப்பு கைபேசியில் வந்துவிடுகிறது. அ, ஆ, இ, ஈ என்ற எழுத்துகளை மட்டும் பார்த்து டிக் அடித்து, எத்தனை போயிற்று என்று எண்ணுகிறார்கள். அதில் வேதியியல் எங்கே இருக்கிறது? ஏன் அந்த விடை என்று ஒருவரும் கேட்பதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்களே, வேதியியலில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால் கட் ஆஃபில் அரை மதிப்பெண் குறையும். அந்த அரை மதிப்பெண்ணில் எத்தனை பேர் தன்னைத் தாண்டிப் போவார்கள் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் அழுகிறார்கள். பதினேழு வயதில் அது தாங்க முடியாத பாரம். நீ நிறுத்த வேண்டியது இந்தக் கணக்குப் போடுவதைத்தான்.

அவளிடம் இன்னொன்றையும் நான் சொன்னதாகச் சொல். விடைத்தாள் திருத்தும் முகாமில் நாங்கள் கடைசி எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. வாய்பாட்டுக்கு உண்டு, மதிப்பைப் பிரதியிட்டதற்கு உண்டு, வினைச் சமன்பாட்டுக்கு உண்டு. "எனக்கு விடை வேறு வந்துவிட்டது, மூன்று மதிப்பெண்ணும் போய்விட்டது" என்று அவள் முடிவு கட்டுவது பெரும்பாலும் சரியாக இருக்காது. சில சமயம் இரண்டு பேர் எழுதியதும் சரியாகவே இருக்கும். பீனாலோடு புரோமின் நீர் சேர்த்தால் மூன்று புரோமின் ஏறிய வெண்ணிற வீழ்படிவு. கார்பன் டைசல்பைடு கரைப்பானில், குறைந்த வெப்பநிலையில் என்றால் ஒரே ஒரு புரோமின். கேள்வியில் கரைப்பான் எது என்று படிக்காமல் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் விடைகளை ஒப்பிடுவதற்கு முன் கேள்வியைச் சத்தமாக ஒருமுறை வாசிக்கச் சொல். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பொதுத்தேர்வில் அடுத்த தேர்வு மறுநாளே இருந்தால் மட்டும் அரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளட்டும். தெளியாத கேள்விகளை வினாத்தாளிலேயே வட்டமிட்டு உள்ளே வைத்துவிட்டு, எல்லாத் தேர்வும் முடிந்த பிறகு எடுக்கட்டும். இடையில் நாள் இருந்தால் தாராளமாகப் பேசட்டும். நீ வீட்டு வாசலில் நின்றுகொண்டு "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்காதே. "எந்தக் கேள்விக்கு இன்றைக்குச் சண்டை?" என்று கேள்.

நம் காலத்தில் வேதியியலுக்கு 200 மதிப்பெண், அதில் செய்முறைக்கு 50. கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் அந்த உப்புப் பகுப்பாய்வு நாளை நினைத்துக்கொண்டேன். ஹைட்ரஜன் சல்பைடு வாயு தரும் கிப் உபகரணத்தின் நாற்றம் சட்டையில் ஏறியிருக்க, ஆய்வகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து "உனக்கு என்ன உப்பு?" என்று ஒவ்வொருவரையும் பிடித்து விசாரித்தோம். உனக்கு மஞ்சள் வீழ்படிவு. காட்மியம் என்று நீ எழுதியிருந்தாய். ஆர்சனிக்காக இருந்தாலும் மஞ்சள்தானே, எதை வைத்துப் பிரித்தாய் என்று நான் கேட்க, அம்மோனியம் சல்பைடில் கரையவில்லை, அதனால் காட்மியம்தான் என்று நீ அடித்துப் பேசினாய். அந்தப் பிரிப்பு எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இன்றைக்கும் உன் வார்த்தைகளிலேயே அதை வகுப்பில் சொல்கிறேன்.

நீயும் வேதியியலை விட்டு எங்கும் போய்விடவில்லை. உன் சாயப்பட்டறையில் சோடா ஆஷ் போட்டுச் சாயத்தொட்டியைக் காரமாக்கி, துணியில் சாயம் பிடித்த பிறகு அசிட்டிக் அமிலத்தால் அதைச் சமன் செய்கிறாய். நாள் முழுதும் பிஎச் தாளும் கையுமாக இருக்கிறாய். உன் மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அழைத்துப் போய், அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்போது தாளின் நிறம் எப்படி மாறுகிறது என்று அவளையே பார்க்கச் சொல்லேன். 1909இல் சோரன்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானி இந்த பிஎச் அளவீட்டைக் கொண்டுவந்தது ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோதுதான். தொழிற்சாலையில் பிறந்த அளவை அப்பாவின் தொழிற்சாலையிலேயே கற்றுக்கொள்ள எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

எனக்கு மார்ச் முழுவதும் தேர்வுப் பணி, அதன் பிறகு திருத்தும் முகாம். முடிந்ததும் மே மாதத்தில் நாங்கள் இருவரும் திருப்பூர் வருகிறோம். அதற்கு முன்பே உன் மகளுக்கு ஏதாவது கேள்வியில் வாக்குவாதம் தீராமல் நின்றால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்னைக் கூப்பிடச் சொல். தோழிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கூப்பிடட்டும்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் என் அன்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்