முகாமில் படித்தவர்களுக்கு வேலை: சேலம் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். குறுக்குப்பட்டி, பவளத்தானூர் முதலிய மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் இளைஞர்களின் வேலை குறித்து இம்மடலை எழுதுகிறேன். 1983க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளான இவர்களுள் பலர் இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்து, கல்லூரியும் முடித்தவர்கள். பட்டம் வாங்கிய பிறகும் தந்தையரைப் போலவே பெயிண்ட் அடிக்கும் தினக்கூலிக்குப் போகிறவர்கள் இவர்களில் உண்டு. அந்தத் தொழிலை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. முகாம்களில் அடுப்பெரியச் செய்தது அதுதான். ஆனால், முகாம் மாணவர்கள் 50 பேரின் பொறியியல் படிப்புச் செலவை ஏற்பதாக 2021இல் அறிவித்த அரசு, படித்து முடித்தவர் எங்கே வேலைக்குப் போவார் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

தடை திறமையில் இல்லை. நேர்காணலில் தேறியவர் ஆதாரையும் முகாம் அடையாள அட்டையையும் நீட்டும்போது, 'பாஸ்போர்ட் இருக்கிறதா, இவரை வைத்துக்கொண்டால் நமக்கு வழக்கு வருமா' என்று நிறுவனத்தார் தயங்குகின்றனர். பிறகு சொல்வதாக அனுப்பிவிடுகின்றனர். சட்டம் தெரியாத அச்சம் அது. அவர்களை நொந்து பயனில்லை. 2015 ஜனவரி 9க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான விதிகளிலிருந்து மத்திய உள்துறை 2025 செப்டம்பரில் விலக்கு அளித்துள்ளது. அது குடியுரிமை அன்று. எனினும் இவர்களைச் சட்டவிரோதமாகத் தங்கியிருப்போராகக் கருதி அஞ்ச இனி இடமில்லை. இச்செய்தி முகாமில் தெரிந்த அளவுக்குத் தொழிற்கூடங்களில் தெரியவில்லை.

ஆகவே, அவ்விலக்கையும், முகாம்வாசிகளை எந்தெந்த ஆவணங்களின் பேரில் பணியமர்த்தலாம் என்பதையும் தெளிவாக விளக்கி, தங்கள் கையொப்பத்துடன் ஒரு சுற்றறிக்கையை மாவட்டத்தின் நூற்பாலைகள், ஆயத்த ஆடை நிறுவனங்கள், மருத்துவமனைகள், மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். மாநில அரசோ மத்திய அரசோ விளக்கம் தர வேண்டிய இடங்கள் இருப்பின், அதைக் கேட்டுப் பெறும் கடிதமும் தங்கள் அலுவலகத்திலிருந்தே செல்லலாம். ஓசூரிலோ கோவையிலோ பணி கிடைப்பவர்கள் முகாமில் ஆள் இருக்கிறாரா எனச் சரிபார்க்கும் ஒவ்வொரு தணிக்கைக்கும் விடுப்பெடுத்து வரவேண்டிய நிலையையும் மாற்றித் தர வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் அடுத்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு முன்பே இச்சுற்றறிக்கை நிறுவனங்களைச் சென்றடைந்தால், இவ்வாண்டு படிப்பை முடிப்பவர்களுக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
தாரமங்கலத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர்