புகார் எழுதும் முன், மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் மருத்துவமனையின் கொள்முதல் பிரிவுக்கு வந்த மூன்று விலைக் கொட்டேஷன்களைப் பற்றி நீ எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தாள்களில் ஒரே கருவியின் பெயர் ஒரே எழுத்துப் பிழையோடு இருப்பதும், அவற்றுள் இரண்டு நிறுவனங்களின் கொட்டேஷன் எண்கள் அடுத்தடுத்து வருவதும் தற்செயலாக இருக்க முடியாது. மூன்றையும் ஒருவரே தயாரித்து, போட்டி இருப்பதுபோல் காட்டியிருக்கிறார் என்று நம்ப அது போதுமான காரணம். ஆனால் அந்த ஒருவர் யார், உன் அலுவலகத்தில் யார் அதற்குப் பணம் வாங்கினார் என்பது உனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் இனி வரும் ஒவ்வொரு அடியிலும் உனக்குத் தேவைப்படும்.

சொல்லலாமா வேண்டாமா என்று நீ என்னிடம் கேட்கவில்லை. எப்படிச் சொன்னால் வேலையும் மானமும் மிஞ்சும் என்றுதான் கேட்டிருக்கிறாய்; அதற்காக உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். தொழிலாளர் வழக்குகளையே நடத்தி வந்த வக்கீல் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் பழிவாங்கல் நடந்த பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது, அதுவும் உரிய இடத்தில் உரிய முறையில் சொன்னவருக்கே கிடைக்கிறது. ஆகையால் நீ புகார் கொடுக்கும் நாளைவிட அதற்கு முந்தைய சில வாரங்களே முக்கியமானவை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் ஏற்றுக்கொண்ட ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, நல்ல நோக்கத்தோடும் நியாயமான காரணத்தோடும் ஊழலைத் தெரிவிப்பவரைப் பாதுகாப்பது பற்றிப் பேசுகிறது. ஆனால் அது நாடுகளைக் கட்டாயப்படுத்தவில்லை. பரிசீலிக்கும்படி மட்டுமே கேட்டுக்கொள்கிறது. அதனால்தான் நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபாடு. பிரிட்டனில் 1998-லும் தென்னாப்பிரிக்காவில் 2000-லும் தனிச் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 2014-இல் ஒரு சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, இன்னும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த நெறிமுறையை, அதாவது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்க வேண்டிய விதிகளை, நான் தெளிவான ஒன்றாகக் கருதுகிறேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் உள்ளுக்குள்ளேயே ஒரு புகார் வழியை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த ஏழு நாட்களுக்குள் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும். அதன்பின் மூன்று மாதங்களுக்குள் என்ன செய்யப்பட்டது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, புகார் கொடுத்தபின் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அது புகாரினால் நேரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அது நிர்வாகத்தின் தலையில் வைக்கிறது. நீ வேலை செய்யும் இடத்தில் எந்தச் சட்டம் பொருந்தும், நிரூபிக்கும் பொறுப்பு யார் மேல் விழுகிறது என்பதை முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள். அவரிடம் ஆலோசனைக்காகச் சொல்வது இரகசியம் காக்கப்படும் பேச்சு. நண்பரிடம் சொல்வது அப்படியல்ல.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். டிஜிட்டல் ரியால்டி என்ற நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர், முறைகேடு நடப்பதாகத் தம் மேலதிகாரிகளிடம் தெரிவித்தார். பிறகு வேலையை இழந்தார். அவர் நம்பி வழக்குத் தொடுத்த 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பங்குச் சந்தை ஆணையத்திடம் தெரிவித்தவர்களை மட்டுமே காக்கும் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நிறுவனத்துக்குள்ளேயே சொன்னவர்களையும் காக்கும் வேறொரு சட்டம் 2002 முதலே இருந்தது, ஆனால் அதன்படி 180 நாட்களுக்குள் முறையிட்டிருக்க வேண்டும், அவர் முறையிடவில்லை. இரண்டு கதவுகளும் மூடிவிட்டன. அவர் சொன்னது உண்மையா என்ற கேள்விக்கே அந்தத் தீர்ப்பில் இடம் வரவில்லை, மகளே. உன் புகாரை யாரிடம் கொடுக்கிறாய், எந்தத் தேதிக்குள் கொடுக்கிறாய் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

பொதுவாக மூன்று வழிகள் உண்டு: நிறுவனத்துக்குள் இருக்கும் புகார் அமைப்பு, வெளியே இருக்கும் கண்காணிப்பு அல்லது ஊழல் தடுப்பு அமைப்பு, கடைசியாகப் பத்திரிகையும் பொதுவெளியும். முதல் இரண்டில் பாதுகாப்பு எளிதாகக் கிடைக்கும். மூன்றாவதற்கு, முன்பே சொல்லியும் நடவடிக்கை இல்லை என்றோ, சாட்சியத்தை அழித்துவிடுவார்கள் என்றோ காட்ட வேண்டியிருக்கும். கொட்டேஷன்களைத் தேர்ந்தெடுத்தவரும் உள் புகார்களை விசாரிப்பவரும் ஒரே அறையில் உட்காருகிறவர்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால், உன் நாட்டுச் சட்டம் அனுமதித்தால், நேரே வெளி அமைப்புக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. சமூக ஊடகத்தில் ஒரு வரிகூட எழுதாதே.

பெயரை மறைப்பது பற்றி நீ கேட்டிருந்தாய். பெயரே போடாமல் அனுப்புவது ஒன்று, பெயரைச் சொல்லி அதை இரகசியமாக வைக்கும்படி கேட்பது வேறொன்று. மொட்டைக் கடுதாசி உன்னைச் சில காலம் மறைக்கும், ஆனால் பல அமைப்புகள் அதை எடுத்துக்கொள்வதே இல்லை. பிறகு பழிவாங்கப்பட்டாலும், எழுதியது நான்தான் என்று நீயே நிரூபிக்க வேண்டியிருக்கும். பெயரைச் சொல்லிக் கொடுத்தால், காப்பவர்கள் ஒழுங்காகக் காக்க வேண்டும். இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய புகாரில் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. ஓராண்டு கழித்து, 2003 நவம்பரில், கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே, 2004-இல், புகார்தாரரின் பெயரை இரகசியமாக வைத்து மத்திய கண்காணிப்பு ஆணையம் புகார் பெறும் ஏற்பாடு வந்தது. தென்னாப்பிரிக்காவில் பபிதா தியோகரன் என்ற சுகாதாரத் துறை நிதி அதிகாரி, ஒரு மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய கொள்முதல் தொகைகளைச் சுட்டிக்காட்டியவர், 2021 ஆகஸ்டில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது; ஆனால் அது வேலையில் நேரும் தீங்குக்கு நிவாரணம் தரும் சட்டம், உயிருக்குக் காவல் போடும் சட்டமன்று. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பெரும்பாலான புகார்கள் இந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் மிரட்டல் என்று ஒன்று வந்தால், அதை அலுவலகப் பிரச்சினையாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே காவல் துறைக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தாள்கள். உன் வேலையின் போக்கில் உன் கைக்கு வருவதை மட்டும் குறித்துக்கொள். பிறருடைய அலமாரியைத் திறப்பதும், உனக்கு அனுமதியில்லாத கணினிக் கோப்புக்குள் நுழைவதும் தனிக் குற்றமாகிவிடும். புகாரைப் பாதுகாக்கும் சட்டம் அதைப் பாதுகாக்காது. அலுவலகக் கோப்புகளை உன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதே, நோயாளிகளின் விவரம் உள்ள எதையும் தொடாதே. பிரதி எடுக்கலாமா என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும். அதுவரை கோப்பு எண், தேதி, அது எங்கே இருக்கிறது என்பவை போதும், விசாரிக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தைத்த நோட்டு ஒன்றில், யார் எப்போது என்ன சொன்னார் என்பதை அன்றன்றே எழுதி, வீட்டில் வை. இந்த விஷயத்துக்காக அலுவலகக் கணினி, தொலைபேசி, இணைய இணைப்பு எதையும் பயன்படுத்தாதே.

இன்னொரு வேலையை இந்த வாரமே செய்துவிடு. உன் பணி மதிப்பீட்டு அறிக்கைகள், சம்பள உயர்வு ஆணைகள், சென்ற ஆண்டு உன்னைப் பாராட்டி வந்த குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளைப் பெற்று வைத்துக்கொள். பழிவாங்கல் என்றால் உடனே வேலைநீக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் கூட்டங்களுக்கு அழைப்பு வராது; பிறகு உன் பொறுப்புகள் ஒவ்வொன்றாக வேறு ஒருவருக்குப் போகும்; திடீரென்று ஒரு மதிப்பீட்டில் உன் வேலை மோசம் என்று எழுதப்படும்; சில இடங்களில் மனநல மருத்துவரிடம் போகும்படிகூடச் சொல்வார்கள். ஐரோப்பிய நெறிமுறை இவற்றையெல்லாம் பழிவாங்கல் என்றே வரிசைப்படுத்துகிறது. நிர்வாகம் எப்போதும் சொல்லும் பதில், இவர் ஏற்கெனவே சரியாக வேலை செய்யவில்லை என்பது. புகாருக்கு முந்தைய நல்ல அறிக்கை உன் கையில் இருந்தால் அந்தப் பதில் நிற்காது. என் வழக்குகளில் மிகப் பெரிய சட்ட வாதங்களைவிட இந்தச் சாதாரணத் தாள்களே அதிகம் ஜெயித்துக் கொடுத்திருக்கின்றன.

புகாரை எழுதும்போது, “மேலாளர் லஞ்சம் வாங்குகிறார்” என்று எழுதாதே. “இந்த எண்ணுள்ள மூன்று கொட்டேஷன்களிலும் இந்தச் சொல் இப்படியே எழுதப்பட்டிருப்பதை இந்தத் தேதியில் கண்டேன், இவை ஒரே இடத்தில் தயாரானவை என்று நம்புகிறேன்” என்று எழுது. நியாயமான நம்பிக்கையோடு சொன்னது பின்னால் தவறென்று தெரிந்தாலும் பல சட்டங்கள் உன்னைக் கைவிடாது. தெரிந்தே பொய் சொன்னவரை எந்தச் சட்டமும் காக்காது. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதே.

வேலையில் சேரும்போது இரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டேனே என்று நீ தயங்குவது தெரிகிறது. பிரிட்டன் சட்டம் உட்படப் பல சட்டங்களின்படி, முறையான புகாரைத் தடுக்கும் அளவுக்கு அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. நாளை சமரசம் என்று ஒரு தாளை நீட்டினால், வக்கீல் பார்க்காமல் கையெழுத்திடாதே. காலக்கெடுக்கள் மிகக் குறுகியவை: பிரிட்டனில் புகாருக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர் இடைக்கால நிவாரணம் (வழக்கு முடியும்வரை கிடைக்கும் தற்காலிகப் பாதுகாப்பு) கேட்க, வேலை முடிந்த நாளிலிருந்து ஏழு நாட்களே உண்டு. உனக்குப் பொருந்தும் கெடு எதுவோ அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. உன் தொழிற்சங்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால், வக்கீல் சரியென்றால், அவருக்கும் தெரியட்டும். தனியாக நிற்பவரை வெளியேற்றுவது நிர்வாகத்துக்கு எளிது.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. வழக்கு வந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதை நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்தக் காலத்துக்கு உன் வாடகையும் வக்கீல் செலவும் என் பொறுப்பு. வக்கீலைப் பார்க்கும் தேதியை எனக்குச் சொந்தக் கைபேசியிலிருந்து தெரிவி. நோட்டை எடுத்துக்கொண்டு போ. கொட்டேஷன்களின் கோப்பு எண்களை அதற்கு முன் எழுதி முடித்திரு. அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு புகாரின் வரைவை நாம் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அம்மா