பல்ப் படம் போட்ட விளக்கு

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள நண்பா,

நலம். அங்கே கோலாலம்பூர் செந்தூலில் நீயும் தங்கச்சியும் நலம்தானே? அவளுடைய முட்டிவலிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. பேத்தி இங்கே முதலாம் ஆண்டுக்குப் போகிறாள், தமிழ்ப்பள்ளிதான்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் அப்பாவின் வால்வோ 240 கார். ஷா ஆலாமில் 1967-லிருந்து வால்வோ பொருத்துகிறார்கள் அல்லவா, அங்கே உருவான வண்டி. அப்பா போன பிறகும் விற்க மனம் வரவில்லை, உனக்குத் தெரியும்.

போன மாதம் ஒருநாள் தெலுக் பஹாங்கிலிருந்து திரும்பும்போது நல்ல மழை, இருட்டு. பத்து ஃபெரிங்கி தாண்டிய வளைவு ஒன்றில் ஒருவர் சாலையோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் என் கண்ணில் பட்டபோது பத்தடிதான் இருக்கும். ஒடித்துத் திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் வெள்ளையாக விழுந்தது, இடப்பக்கம் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாக. டாஷ்போர்டில் பல்ப் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு பல வாரமாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் விட்டது பெரிய தப்பு.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். போமன், அதாவது அங்கே இருந்த மெக்கானிக், இடது பல்பை மட்டும் மாற்றினார். வெளிச்சம் கூடவில்லை, எச்சரிக்கை விளக்கும் அணையவில்லை. “சென்சார் கெட்டுப்போச்சு அங்கிள், வெட்டி நேரடியா கொடுத்துடலாம்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியைத் திருப்பி எடுத்துவந்து, மல்டிமீட்டரோடு நானே உட்கார்ந்துவிட்டேன்.

பல்ப் பழுதைக் கண்டுபிடிக்கும் அந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீ அசந்துபோவாய். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகள், தொட்டும் தொடாமலும். குழாயைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள். இடது விளக்கின் கரண்ட் ஒரு சுருள் வழியாகப் போகிறது. வலது விளக்கின் கரண்ட் எதிர்த்திசையில் சுற்றிய இன்னொரு சுருள் வழியாகப் போகிறது. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது சரிக்கட்டி இல்லாமல் ஆக்கிவிடும். ஒரு பக்கம் குறைந்தால் மிஞ்சுகிற காந்தம் தகடுகளை ஒட்டவைக்க, எச்சரிக்கை விளக்கு எரியும். அசல் தராசுதான். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் இதை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அதனால்தான் ஒரு பக்கம் ஒரு கம்பெனி பல்ப், மறுபக்கம் வேறு கம்பெனி பல்ப் என்று போட்டாலே சிலசமயம் அது எரிகிறது. பல்ப் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். எல்இடி பல்பை நினைத்தே பார்க்காதே. அது இழுக்கும் கரண்ட் வேறு. ஹாலஜன் இழைக்காக வளைத்த கண்ணாடியில் அதை மாட்டினால் எதிரே வருகிறவன் கண்ணைத்தான் குத்தும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். லோ பீம், அதாவது தாழ்வான வெளிச்சம், போட்டு வலது பல்பின் முனைகளில் பார்த்தால் 12.9. இடதில் 11.4. இந்த வண்டியில் இருக்கும் எச்4 வகை பல்பின் லோ பீம் 55 வாட், நாலரை ஆம்பியர் போல இழுக்கும். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். அந்த ஒன்றரை வோல்ட்டை யார் தின்கிறார்கள் என்று தேடினேன். மீட்டரின் ஒரு முனையை இடது பல்பின் எர்த் காலிலும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். விளக்கு எரியும்போது அங்கே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. 1.4 காட்டியது. திருடன் அங்கேதான்.

விளக்குக்குப் பின்னால் உடம்புத் தகட்டில் எர்த் வயரை முடுக்கிய போல்ட்டைக் கழற்றினேன். வளையம் முழுக்கப் பச்சைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. கடற்காற்றில் நாற்பது வருஷம் நிற்கிற வண்டி, வேறென்ன ஆகும்? உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸலின் தடவினேன். 0.1-க்கு இறங்கிவிட்டது. சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே நிறம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் மேடுபள்ளத்தில் போகும்போது எச்சரிக்கை விளக்கு எப்போதாவது சிமிட்டியது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து சென்சாரைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஈயப்பற்று ஒன்றில் காலைச் சுற்றி மயிரிழை மாதிரி வளையமாக விரிசல். சூடுகாட்டிப் புது ஈயம் வைத்தேன். அப்புறம் சிமிட்டவே இல்லை. வெட்டி எறிந்திருந்தால் எர்த் கோளாறும் தெரிந்திருக்காது, அடுத்த மழையில் அந்தச் சைக்கிள்காரர் மாதிரி இன்னொருவர் வந்திருப்பார்.

உன் புரோட்டோன் சாகா காரில், வண்டி நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது என்று எழுதியிருந்தாய். ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதே. முதலில் ஆயில் அளவைப் பார். சரியாக இருந்தால், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்று. விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ வண்டியின் உடம்பில் உரசுகிறது. அணைந்தால் வயர் நல்லது. அடுத்து சென்சார் இருக்கும் இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, எஞ்சின் சூடான பிறகு அளக்கச் சொல். கேஜில் பிரஷர் சரியாக இருந்தால்தான் சென்சாரைக் குறை சொல்லலாம். அதுவரை நீண்ட தூரம் ஓட்டாதே, இது என் கண்டிப்பான வேண்டுகோள்.

தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாய். சாகாவில் வேண்டாம், பட்டர்வொர்த்துக்கு ரயில் ஏறு. நான் வால்வோவில் வந்து கூட்டிப்போகிறேன். உன் சாகா வந்த அதே 1985-ல் திறந்த பினாங்குப் பாலம், இருட்டிய பிறகு அதில் போவோம். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு விளக்கும் ஒரே மாதிரி விழுகிறதா என்று நீயே பார்த்துச் சொல். ரயில் நேரத்தை முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்