கையுறைத் தொழிலாளியின் மகன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சட்டம் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாய். மார்க் ட்வைன், சிக்மண்ட் பிராய்ட், ஹெலன் கெல்லர், சார்லி சாப்ளின், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள், லண்டனில் நம் காலத்தில் மீண்டும் கட்டப்பட்ட குளோப் நாடக அரங்கின் முதல் கலை இயக்குநராக இருந்த மார்க் ரைலன்ஸ் என இத்தனை பெரியவர்கள், இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்டு ஊரில் பிறந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் அந்த நாடகங்களை எழுதியவர் என்பதை நம்பாதபோது அல்லது ஐயுறும்போது, அவரையே ஆசிரியர் என்று நீங்கள் இத்தனை ஆண்டுகள் எந்த உறுதியில் வகுப்பில் சொன்னீர்கள் என்று கேட்கிறாய். தொலைபேசியில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

சாட்சி சொல்ல வந்தவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட அவர் எதைக் கண்டார் என்பதே முக்கியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று புலப்படும். ஷேக்ஸ்பியரின் காலத்தைச் சேர்ந்த ஒரு புதிய ஆவணத்தைக்கூட இவர்களில் எவரும் கொண்டுவரவில்லை. எழுத்தும் மேதைமையும் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் பற்றித் தத்தம் வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு முடிவைத்தான் கொண்டுவந்தார்கள்.

டெலியா பேக்கனிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஐயத்தை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் அவர். அவரை எள்ளி நகையாடிக் கடந்துவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. 1811இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு மதபோதகரின் மகளாகப் பிறந்து, பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறவாத அந்தக் காலத்தில் தானாகவே கற்று, வரலாற்றையும் இலக்கியத்தையும் பற்றிச் சொற்பொழிவாற்றி வாழ்ந்தவர் அவர். 1853இல் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் ஆதரவோடு இங்கிலாந்துக்குச் சென்று, வறுமையிலும் தனிமையிலும் இருந்து தன் நூலை எழுதினார். முடியாட்சியில் வெளிப்படையாகச் சொல்ல முடியாத அரசியல் சிந்தனைகளை, ஷேக்ஸ்பியர் காலத்துத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், அரசவைப் பிரமுகர் வால்டர் ராலே முதலியோர் அடங்கிய ஒரு குழு நாடகங்களுக்குள் மறைத்து வைத்தது என்பது அவர் கொள்கை. பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்தப் பேக்கனுக்கும் இவருக்கும் உறவு கிடையாது. அப்போது லிவர்பூலில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் நத்தானியல் ஹாதார்ன், அந்தக் கொள்கையைத் தாம் ஏற்காதபோதும், 1857இல் வெளிவந்த அந்த நூலுக்கு முன்னுரை எழுதினார். அச்சுச் செலவையும் தாங்கினார். ஸ்ட்ராட்போர்டு தேவாலயத்தில் ஷேக்ஸ்பியரின் கல்லறைக்கு அருகே ஓர் இரவு விளக்கோடு காத்திருந்தும், கல்லைப் பெயர்க்கத் துணியாமல் டெலியா திரும்பினார். பிறகு மனநலம் குன்றி, தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1859இல் மனநல விடுதியில் இறந்தார்.

'லியர் அரசன்', 'ஜூலியஸ் சீசர்', 'கோரியலேனஸ்' ஆகிய நாடகங்களில் அதிகாரத்தைப் பற்றிய கடுமையான விசாரணை ஒன்று நடக்கிறது என்பதை அவர் கண்டார். அன்றைய திறனாய்வாளர்கள் பலர் பாத்திரங்களின் அழகைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, அரசியலைப் படித்தவர் அவர். அந்த வாசிப்பை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அரசியலை அவ்வளவு ஆழமாக அறிந்தவர் அரசவையில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். பட்டமும் பதவியும் இல்லாமல் தாமே கற்றுச் சிந்தித்த ஒரு பெண்மணி, அதே ஆற்றலை ஒரு நடிகருக்கு மறுத்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

மார்க் ட்வைனுக்கு இந்த ஐயம் இளமையிலேயே வந்தது. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகோட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, சுக்கானைப் பிடித்தபடியே ஷேக்ஸ்பியரை ஒப்பிக்கும் ஒரு மூத்த படகோட்டியோடு இதைப் பற்றி வாதாடியிருக்கிறார். பின்னர், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1909இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒரு தொழிலின் பேச்சு அந்தத் தொழிலைச் செய்தவனுக்கே கைவரும், வெளியாள் எவ்வளவு முயன்றாலும் ஒரு சொல்லில் பிடிபட்டுவிடுவான், ஆகவே சட்டத்தின் மொழியை இவ்வளவு சரளமாகக் கையாண்டவர் வழக்கறிஞராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆற்றையும் சுரங்கத்தையும் தாம் வாழ்ந்தறிந்த பிறகே எழுதிய ஒருவருக்கு இது இயல்பான நம்பிக்கைதான். ஆனால் எலிசபெத் காலத்து லண்டனில் வழக்காடுவது அன்றாட வாழ்க்கையின் பகுதி. ஷேக்ஸ்பியரின் தந்தையும் அவரும் நிலத்துக்காகவும் கடனுக்காகவும் மன்றம் ஏறியவர்கள். நாடகம் பார்க்க வந்தவர்களில் சட்ட மாணவர்கள் ஏராளம். இன்று உன் விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் பொறியியல் மாணவிகூட உன்னிடமிருந்து சில சட்டச் சொற்களைப் பிடித்திருப்பாள்.

அந்த 1909 ஜனவரியில்தான் ஹெலன் கெல்லர், தம் ஆசிரியை ஆனியோடு ட்வைனின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். ஷேக்ஸ்பியரின் வரிகளில் பேக்கனின் கையொப்பம் எழுத்துப் புதிராக மறைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு நூலின் அச்சுப்படிகள் அவர்களோடு வந்தன. கெல்லர் இதைப் பற்றித் தாமும் எழுத விரும்பினார். பதிப்பாசிரியர் ஊக்கம் தரவில்லை. சிறுமியாக இருந்தபோது தாம் எழுதிய கதை வேறொருவருடையது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி, விசாரணைக்கு முன் நின்றவர் கெல்லர். அவர் இந்தப் பக்கம் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பிராய்டின் கதை இவை எல்லாவற்றையும்விடத் தெளிவானது. 1900இல் வெளிவந்த கனவுகளைப் பற்றிய தம் நூலில், தந்தை இறந்த துயரத்தில் ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்'டை எழுதினார் என்பதை அடிப்படையாகக் கொண்டு அவர் ஒரு விளக்கம் தந்தார். ஷேக்ஸ்பியரின் தந்தை இறந்தது 1601இல். பிராய்டின் தந்தை 1896இல் இறந்திருந்தார். அந்த நூலே அந்த இழப்பிலிருந்து எழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு, கேட்ஸ்ஹெட் நகரின் பள்ளி ஆசிரியரான தாமஸ் லூனி 1920இல் ஒரு நூலை வெளியிட்டு, உண்மையான ஆசிரியர் ஆக்ஸ்போர்டு பிரபு எட்வர்ட் டி வெர் என்றார். அந்தப் பிரபு பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தவர், தாய் மறுமணம் செய்துகொண்டவர், மூன்று மகள்களைப் பெற்றவர். ஹாம்லெட்டும் லியரும் ஒரே வாழ்க்கையில் கிடைத்துவிட்டார்கள்! ஸ்ட்ராட்போர்டு மனிதர் அந்த நாடகங்களை எழுதினார் என்று தாம் இனி நம்பவில்லை என 1930இல் தம் பழைய நூலுக்கே பிராய்ட் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். ஒரு நாடகம் எழுதியவனின் சொந்தக் காயத்திலிருந்துதான் பிறக்க முடியும் என்ற கொள்கைக்கு, அதற்குப் பொருந்தும் காயமுள்ள ஒரு மனிதர் தேவைப்பட்டார். ஆனால் ஆக்ஸ்போர்டு பிரபு 1604 ஜூனில் இறந்துவிட்டார். 'மேக்பெத்', 'அந்தோணியும் கிளியோபாத்ராவும்', 'குளிர்காலக் கதை' எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 1609இல் பெர்முடாவில் தரைதட்டிய ஒரு கப்பலைப் பற்றிய செய்திகளின் சாயல் 'புயல்' நாடகத்தில் இருக்கிறது. இறுதிக்கால நாடகங்கள் சிலவற்றை அவற்றின் ஆசிரியர் ஜான் பிளெட்சர் என்ற இளையவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். இறந்தவர் ஒருவர் எப்படிக் கூட்டாக எழுதுவார்?

கணிதமேதை கேண்டர் பேக்கனுக்காகச் சிறுநூல்கள் வெளியிட்டார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் ஒரு கடிதத்தில் தம் ஐயத்தைக் கொட்டினார். சிறையில் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ், முதலாம் ஜேம்ஸ் அரசரே ஆசிரியர் என்று விவாதித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். சாப்ளின், எழுதியவருக்கு உயர்குடி மனப்பாங்கு இருந்தது என்றார். இவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பேக்கன் தரப்பினரின் மறைகுறி ஆராய்ச்சி, அதாவது எழுத்துகளுக்குள் ஒளித்த ரகசியச் செய்தியைத் தேடும் வேலை, நல்லதொரு முடிவைக் கண்டது. இல்லினாயில் இருந்த ரிவர்பேங்க் என்ற ஆய்வகத்தில், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு நூலில் (1623) இருவகை அச்செழுத்துகளைக் கலந்து பேக்கன் செய்தி பொதிந்திருக்கிறார் என்று நிறுவ முயன்றார்கள். அந்த வேலைக்கு வந்த எலிசபெத்தும், அங்கே அவரைச் சந்தித்து மணந்த வில்லியம் பிரீட்மனும் அப்படித்தான் மறைகுறிக் கலைக்குள் நுழைந்தார்கள். பின்னாளில் அமெரிக்காவின் மிகச்சிறந்த மறைகுறி வல்லுநர்கள் ஆனார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கும் முன் ஜப்பானியத் தூதரகங்களின் மறைகுறியை உடைத்த குழுவுக்குத் தலைவர் வில்லியம்தான். அவ்வளவு அனுபவத்தோடு 1957இல் இருவரும் திரும்பி வந்து, ஷேக்ஸ்பியர் நூல்களில் கண்டதாகச் சொல்லப்பட்ட மறைகுறிகள் ஒன்றுகூடத் தேறாது என்று எழுதினார்கள். அந்தக் கலையை ஆழக் கற்று, அதே தரவுகளைச் சோதித்து வந்த தீர்ப்பு என்பதால், மேலே சொன்ன அத்தனை பெயர்களைவிட இந்த இரண்டு பெயர்களுக்கு நான் அதிக மதிப்பு தருகிறேன்.

இனி நீதிபதிகள். 1987இல் வாஷிங்டனில் நடந்த மாதிரி விசாரணையில் பிரென்னன், பிளாக்மன், ஸ்டீவன்ஸ் ஆகிய மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஸ்ட்ராட்போர்டு மனிதருக்கே தீர்ப்பளித்தார்கள் என்பதை உன் கடிதம் விட்டுவிட்டது. ஸ்டீவன்ஸ் பின்னர்தான் மறுபக்கம் சாய்ந்தார். அந்த மனிதரின் புத்தகங்கள் எங்கே என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. உயிலில் புத்தகங்கள் இல்லை என்பது உண்மை. வீட்டுப் பொருள்களின் பட்டியல் தனியாகத் தாக்கல் செய்யப்பட்டது, அது இன்று கிடைக்கவில்லை. புத்தகங்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று கேட்டால் ஒரு பெயர் உண்டு: ரிச்சர்ட் பீல்ட். ஸ்ட்ராட்போர்டில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்தியவர். ஷேக்ஸ்பியரின் முதல் கவிதை நூலை 1593இல் அச்சிட்டவர் அவரே. ரோமானிய நாடகங்களுக்கு மூலமான, பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1595இல் அச்சிட்டவரும் அவரே.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவாகப் படும் சான்று நாடகப் பிரதிகளுக்குள்ளேயே கிடக்கிறது. 1599இல் அச்சான 'ரோமியோ ஜூலியட்' பதிப்பில், வேலைக்காரன் பீட்டர் நுழைய வேண்டிய இடத்தில், நகைச்சுவை நடிகர் வில் கெம்ப் நுழைகிறார் என்று மேடைக் குறிப்பு இருக்கிறது. 1600இல் வந்த 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகப் பதிப்பிலும் காவலர்கள் இருவரின் பேச்சுக்கு முன்னே பாத்திரப் பெயருக்குப் பதிலாகக் கெம்ப், கௌலி என்ற நடிகர் பெயர்களே உள்ளன. எழுதும் கை, பாத்திரத்தை மறந்து, அதை நாளை ஏற்று நடிக்கப்போகும் தோழனின் முகத்தைப் பார்த்திருக்கிறது. தொலைவில் ஒரு மாளிகையில் அமர்ந்து ரகசியமாக எழுதி அனுப்பும் பிரபுவுக்கு இந்தத் தவறு வராது. குழுவோடு ஒத்திகை பார்த்து, லாபத்தில் பங்கு வாங்கி, எந்த நடிகருக்கு எந்த வேடம் என்று தெரிந்து எழுதுகிறவருக்கே வரும். அந்த நாடகக் குழுவின் நடிகர்களான ஹெமிங்சும் காண்டலும்தான் 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. அந்தத் தொகுப்பிலேயே ஒரு கவிதை ஸ்ட்ராட்போர்டு நினைவுச்சின்னத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சக நாடக ஆசிரியர் பென் ஜான்சன் அவரை, ஸ்ட்ராட்போர்டு வழியே ஓடும் ஆவன் ஆற்றின் அன்னமே என்று விளிக்கிறார்.

கையுறை தைத்தவரின் மகன், பல்கலைக்கழகம் போகாதவன், இவ்வளவும் எப்படி எழுதுவான் என்ற வரி உன் கடிதத்திலும் இருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அதே காலத்து நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன். பென் ஜான்சன் கொத்தனார் வீட்டில் வளர்ப்பு மகனாக வளர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். அன்றைய கவிஞர்களில் பெரும் கல்விமான் அவர்தான், அவர் நூல்களை எழுதியது ஒரு பிரபு என்று யாரும் சொல்லவில்லை. ஸ்ட்ராட்போர்டு இலக்கணப் பள்ளியில் ஆக்ஸ்போர்டு பட்டதாரிகள் லத்தீனில் ஓவிட், டெரன்ஸ் போன்ற ரோமானியப் படைப்பாளிகளைக் கற்பித்தார்கள். நான் பாடம் நடத்திய காலமெல்லாம், தறிக்குழியிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் வந்த பிள்ளைகள் நன்றாக ஒரு கட்டுரை எழுதிக்கொடுத்தால், இதை யார் எழுதித் தந்தது என்று கேட்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் முகத்தில் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதையே நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரிடம், அவர் பதில் சொல்ல முடியாத நிலையில், கேட்கிறார்கள். அவர் காலத்திலேயே, 1602இல், நடிகனுக்கெல்லாம் குடிச்சின்னம் வழங்குவதா என்று அரசுப் பட்டய அதிகாரி ஒருவர் அவர் பெயரைக் குறித்துப் புகார் செய்திருக்கிறார்.

ரைலன்சும் டெரக் ஜேக்கபியும் 2007இல் வெளியிட்ட ஐய அறிக்கையால் அவர்கள் நடிப்பை நீ குறைத்து மதிக்க வேண்டாம். வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் போய்ப் பார்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். ஷேக்ஸ்பியரின் அந்த உயில் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் படங்கள் எளிதில் கிடைக்கும். பர்பேஜ், ஹெமிங்ஸ், காண்டல் ஆகிய மூன்று நடிகத் தோழர்களுக்கு நினைவு மோதிரம் வாங்கப் பணம் விட்டுச்சென்ற வாசகம், வரிகளுக்கிடையே செருகி எழுதப்பட்டிருக்கிறது. அது பின்னால் யாரோ சேர்த்தது என்று ஐயுறுவோர் சொல்கிறார்கள். மனைவிக்குக் கட்டில் கொடுத்த புகழ்பெற்ற வாசகமும் அதே போலச் செருகப்பட்டதுதான் என்பதையும், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையொப்பம் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, உயில் சட்டம் படித்தவள் என்ற முறையில் உன் கருத்தை எனக்கு எழுது. அம்மா உன் இருமல் நின்றதா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா